மண் பார்த்த கொக்கி

கார் வைத்திருப்பவர்கள் ஒருநாள் டிக்கியைத் திறந்து, ஸ்டெப்னிக்கும் ஜாக்கிக்கும் நடுவில் கிடக்கும் அந்த இரும்பு வளையத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒரு முனையில் வளையம், மறுமுனையில் தடித்த மரை. பம்பரில் சின்னதாக ஒரு மூடி இருக்கும். அதை நெம்பி எடுத்தால் உள்ளே மரை வெட்டிய துளை. பல வண்டிகளில் அது இடது மரை, வழக்கத்துக்கு எதிராகச் சுற்றினால்தான் ஏறும். முறுக்கிய இரும்பு வடம் இழுபடும்போது தன் முறுக்கை அவிழ்க்கப் பார்க்கும், அந்தச் சுழற்சியில் வளையம் கழன்று வந்துவிடக் கூடாது என்பது இதற்குச் சொல்லப்படும் காரணம். ஐரோப்பிய விதிப்படி, வண்டிக்கு அனுமதிக்கப்பட்ட மொத்த எடையில் பாதி அளவு விசையையாவது அது தாங்க வேண்டும். ஒன்றரை டன் என்றால் முக்கால் டன். உள்ளங்கையில் அடங்கும் இரும்புக்கு அது பெரிய வேலைதான்.

முன்பெல்லாம் இதைத் தேட வேண்டியதில்லை. ஜீப்பிலும் லாரியிலும் கொக்கி முன்னாலேயே நீட்டிக்கொண்டிருக்கும். காரின் முன்னால் அப்படி இரும்பு நீண்டிருந்தால் குறுக்கே வருபவரின் காலை அது பதம் பார்க்கும். 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம், காரின் முன்னால் மாட்டும் புல் பார்கள் மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதியதன் பின்னாலும் இந்தக் கவலை உண்டு. ஆக, கொக்கி கண்ணில் படக் கூடாது, ஆனால் வேண்டும்போது கைக்கு உடனே கிடைக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு பட்டறைக்காரர் புகுந்தார். அவருக்காகக் காப்புரிமை விண்ணப்பம் எழுதியவன் நான்.

2022 செப்டம்பர் முதல் வாரத்தை பெங்களூரில் இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பெல்லந்தூர் பக்கம் வெளிவட்டச் சாலை ஏரியாகிவிட்டது. சர்ஜாபூர் ரோட்டில் ரெயின்போ டிரைவ் குடியிருப்புக்குள் டிராக்டர் போய் ஆட்களை ஏற்றி வந்தது. ஐ.டி.க்காரர்கள் டிராக்டரில் ஆபீஸ் போகும் படங்கள் நாடு முழுக்கச் சுற்றின. நின்றுபோன கார்களைக் கட்டி இழுத்தவர்கள் பட்ட பாடு யார் கண்ணிலும் படவில்லை. மூடி தண்ணீருக்கு அடியில். வளையம் டிக்கியில், டிக்கியோ பேட்டரி போனதால் திறக்காது. எப்படியோ எடுத்தாலும் மரைத் துளைக்குள் சேறு. கடைசியில் கையில் அகப்பட்ட இடத்தில் கயிற்றைக் கட்டி இழுத்தார்கள். சஸ்பென்ஷன் ஆர்ம் வளைந்த வண்டிகளும் பம்பர் பிய்ந்த வண்டிகளும் அதற்குப் பிறகு பல வாரம் ஒர்க் ஷாப் வாசல்களில் வரிசை கட்டி நின்றன.

அந்த வாரம் தன் அக்கா மகனின் ரெக்கவரி வண்டியில் கூடவே சுற்றியவர் நம் பட்டறைக்காரர். சொந்த ஊர் காங்கேயம் பக்கம். எண்பதுகளில் பெங்களூர் வந்து, பீன்யாவில் ஒரு ஃபோர்ஜிங் யூனிட்டில் ஹேமர் ஆபரேட்டராகச் சேர்ந்து, பின்னால் அதே பீன்யாவில் சொந்தமாக ஒரு ஷெட் போட்டவர். கட்சிக்காரர்களின் விஷயத்தை வெளியே பேசுவது எங்கள் தொழிலில் வழக்கமில்லை. ஆனால் காப்புரிமை ஆவணம் எப்படியும் ஊருக்கெல்லாம் திறந்ததுதான். அவரும், “எழுதிக்குங்க தம்பி, பேரு மட்டும் வேண்டாம்” என்று சொல்லிவிட்டார். ஓரிரு அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.

ராஜாஜிநகரில் இருக்கும் என் ஆபீஸுக்கு அவர் வந்தபோது பழைய பனியன் துணியில் ஒரு கொக்கியைச் சுற்றிக்கொண்டு வந்திருந்தார். மேஜை மேல் வைத்ததும் எண்ணெய் வாசனை. கழற்றி எடுத்து வைக்கிற சமாச்சாரமே அதில் இல்லை. பம்பருக்குப் பின்னால் ஓடும் குறுக்குச் சட்டத்திலேயே நிரந்தரமாக உட்கார்ந்திருக்கும். மூடியைத் தள்ளி ஒரு விரலால் இழுத்தால் கீலில் திரும்பி வெளியே வரும். கீலின் இரும்புப் பின் நுழைகிற துளை வட்டமாக இல்லாமல் நீண்டிருந்தது. கயிற்றில் இழுவை ஏறியதும் கொக்கி சில மில்லிமீட்டர் முன்னால் நகர்ந்து, அதன் தோள் ஒரு பள்ளத்தில் போய் உட்காரும். அதற்கப்புறம் பாரம் முழுக்கத் தோளுக்கு, பின்னுக்கு வேலையே இல்லை. இழுக்க இழுக்க இறுகும். கயிற்றைத் தளர்த்தினால் ஸ்பிரிங் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும், மடக்கிவிடலாம்.

“பின் மேல பாரம் உக்காரக் கூடாதுங்க தம்பி. பின்னு அறுந்துச்சுன்னா கொக்கி குண்டு மாதிரி வரும். முன்னால நிக்கிறவன் செத்தான்.”

யாரோ அவரிடம் ‘டிசைன்’ பதிவு செய்தால் போதும், ஆயிரம் ரூபாய்தான் என்று சொல்லியிருந்தார்கள். ரூபாய்க் கணக்கு சரிதான். சிறு தொழிலுக்கு அதுதான் கட்டணம், கொல்கத்தா அலுவலகம் பரிசீலிக்கும். ஆனால் 2000-ஆம் ஆண்டு டிசைன் சட்டம் கண்ணுக்குத் தெரிகிற வடிவத்தை மட்டும் காப்பது. பொருள் எப்படி வேலை செய்கிறது என்பது அதற்குத் தேவையில்லை. சாராம்சத்தில் வெறும் இயந்திர ஏற்பாடாக இருப்பதைச் சட்டமே வெளியே தள்ளிவிடுகிறது. பம்பருக்குள் மூடிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் கொக்கிக்கு அழகு எதற்கு? மிச்சம் இருந்தது காப்புரிமை. அங்கே கேட்கிற கேள்வி வேறு: உலகத்தில் வேறு யாராவது, எப்போதாவது, எந்த மொழியிலாவது இதை வெளியிட்டிருக்கிறார்களா? இல்லையென்றால், இந்தத் துறையில் தேர்ந்த ஒருவருக்கு இது தானாகவே தோன்றியிருக்குமா?

அந்தக் கேள்விக்குப் பதில் தேடுவதில்தான் எனக்குத் தொழில் ஆரம்பித்தது. தனியாக ஆபீஸ் போடுவதற்கு முன் வொயிட்ஃபீல்டில் ஒரு கம்பெனியில், வெளிநாட்டுக் கட்சிக்காரர்களுக்காக முந்தைய ஆவணங்களைத் தேடித் தரும் வேலை பார்த்தேன். உலகத்தின் கண்டுபிடிப்புகளையெல்லாம் எழுத்தும் எண்ணுமாக அடுக்கி வைத்திருக்கும் சர்வதேச வகைப்பாட்டில், வண்டியோடு வண்டியைப் பிணைக்கும் சமாச்சாரங்களுக்கு பி60டி என்று தனி அறையே உண்டு. டிரெய்லர் மாட்டும் உருண்டைத் தலைக் கொக்கியை 1930-களில் ஜெர்மனியின் வெஸ்ட்ஃபாலியா கொண்டுவந்தது முதல் எல்லாம் அங்கே கிடைக்கும்.

தேடினால் கதைகளும் சிக்கும். பழுதான காரைத் தூக்கி இழுக்கும் வண்டியின் மூலவர் எர்னஸ்ட் ஹோம்ஸ், அமெரிக்காவின் சட்டனூகாவில் கேரேஜ் வைத்திருந்தவர். ஓடையில் விழுந்த ஒரு காரைக் கயிறும் கட்டையுமாக ஆட்களை வைத்து மேலே கொண்டுவர எட்டு மணி நேரம் ஆனதாம். அதில் நொந்துபோய் 1916-இல் ஒரு பழைய காடிலாக்கின் பின்னால் கப்பியும் சங்கிலியும் மாட்டினார். அந்த ஊரில் இன்று இழுவை வண்டிகளுக்கென்றே ஒரு மியூசியம் இருக்கிறது. பட்டறைக்கார அண்ணனிடம் இதைச் சொன்னபோது, “எட்டு மணி நேரமா? பெல்லந்தூருக்கு வரச் சொல்லுங்க” என்றார்.

எழுதுவதற்கு முன் பீன்யா போனேன். எதையும் பார்க்காமல் ஸ்பெசிஃபிகேஷன் எழுதுவதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. படத்தில் ஒரு கோடாக இருப்பது பட்டறையில் ஒரு காரணமாக இருக்கும். டிராப் ஹேமர் விழும் ஒவ்வொரு முறையும் நோட்டுப் புத்தகம் துள்ளியது. சிவக்கக் காய்ந்த இரும்பு டையில் அடிபட்டு, ஓரத்தில் பிதுங்கிய ஃப்ளாஷ் டிரிம்மிங் பிரஸ்ஸில் வெட்டுப்பட்டு விழுந்தது. ஆறிய கொக்கி ஒன்றைத் தடவிப் பார்த்தபோது, தோளுக்கு முன்னால் விரலில் ஒரு மெல்லிய விளிம்பு இடறியது. நகக்கண் அளவு உயரம், கொஞ்சம் முன்னால் சாய்ந்தது.

“இது எதுக்குங்ணா?”

“அதுங்களா? சும்மா. மண்ணத் தட்டி விட.”

நோட்டில் எழுதிக்கொண்டேன். ஸ்பெசிஃபிகேஷனில் அது ஒரே ஒரு வாக்கியமாகப் போனது. மூன்றாவது படத்தில் அதற்கு ஓர் எண்ணும் போட்டேன்.

கர்நாடகத்து விண்ணப்பங்களும் சென்னைக் காப்புரிமை அலுவலகத்துக்குத்தான் போகும். கிண்டியில் ஜி.எஸ்.டி. ரோட்டின் மேல் இருக்கிறது. தென் மாநிலங்கள், புதுச்சேரி, லட்சத்தீவு எல்லாம் அதற்குள்தான். இப்போது எல்லாமே ஆன்லைன். தாக்கல் செய்ய 1,600 ரூபாய். உத்யம் பதிவு பெற்ற சிறு தொழில் என்பதால் துரிதப் பரிசீலனை கேட்கலாம், கேட்டோம். என் கட்டணத்தை அவர் முழுதாகக் கொடுத்தார், கூடவே ஊரிலிருந்து வந்த ஒரு டின் வெண்ணெயும்.

முதல் பரிசோதனை அறிக்கை, எங்கள் பேச்சில் எஃப்.இ.ஆர்., வந்தது. இதைப் பார்த்ததும் விண்ணப்பதாரர்களுக்கு முகம் வாடிவிடும். முதல் பக்கத்திலேயே ஒரு கட்டம் இருக்கும்: புதுமை, கண்டுபிடிப்புப் படி (தேர்ந்தவருக்குத் தானாகத் தோன்றாததா என்பது), இன்ன பிற, எதிரே எந்தெந்த கிளெய்ம், அதாவது உரிமைக் கோரிக்கை, தேறவில்லை என்ற விவரம். எங்களுடையதில் ஒன்றுகூடத் தேறவில்லை. எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. முதல் கிளெய்மை அகலமாகக் கேட்டு, பிறகு தேவைப்பட்ட இடத்தில் குறுக்குவதுதான் தொழில் முறை. பரிசோதகர் இரண்டு ஆவணங்களைக் காட்டியிருந்தார். ஒன்று ஜெர்மனியில் தொண்ணூறுகளில் வெளியானது: குறுக்குச் சட்டத்துக்குள் மடங்கும் இழுவைக் கண். இன்னொன்று ஜப்பானியம்: நீள் துளை, பாரத்தில் நகர்ந்து பூட்டிக்கொள்ளும் தோள். முதலாவதையும் இரண்டாவதையும் சேர்த்தால் உங்கள் கொக்கி வந்துவிடுகிறது, ஆகவே கண்டுபிடிப்புப் படி இல்லை என்றார். கூடவே பிரிவு 3(எஃப்): ஏற்கெனவே தெரிந்த சாதனங்களை, ஒவ்வொன்றும் தன் பாட்டுக்கு வேலை செய்கிற மாதிரி அடுக்கி வைப்பது கண்டுபிடிப்பு ஆகாது.

அறிக்கை நேர்மையாக எழுதப்பட்டிருந்தது. ஜெர்மன் ஆவணத்தில் எந்தப் பத்தி, எந்த எண் என்பது வரை குறித்திருந்தார். ஒரு கொக்கிக்காக முகம் தெரியாத ஒருவர் இவ்வளவு படித்திருக்கிறாரே என்று எனக்குத் தோன்றியது. அண்ணனுக்குத் தோன்றியது வேறு.

“அப்ப நான் அவனைப் பாத்து அடிச்சேன்னு சொல்றாங்களா?”

அப்படி இல்லை, நீங்கள் பார்த்தீர்களா இல்லையா என்பது கேள்வியே இல்லை, உலகத்தில் இருந்தால் போதும் என்று விளக்கினேன். அவர் சமாதானம் ஆகவில்லை. ஜெர்மன் படத்தின் பிரிண்ட் அவுட்டை எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். ஜெர்மன் தெரியாது, இங்கிலீஷும் அதிகம் இல்லை, ஆனால் வெட்டுமுகப் படம் அவருக்குத் தாய்மொழி. நான் மொழிபெயர்ப்பை மேலும் கீழும் உருட்டிக்கொண்டிருந்தேன், அவர் படத்தின் ஓர் இடத்தில் விரலை வைத்தார்.

“நல்லாத்தான் செஞ்சிருக்கான். ஆனா மண்ணு பாக்காதவன். இந்தப் பள்ளத்துல சேறு அடைச்சு காஞ்சா தோளு எங்க உக்காரும்? உக்காரலைன்னா பாரம் மறுபடி பின்னுக்குத்தானே?”

ஜப்பானியப் படத்தையும் வாங்கிப் பார்த்தார். அதிலும் பள்ளம் திறந்துதான் கிடந்தது. இருவரும் ஒரே நேரத்தில் மேஜை மேல் இருந்த கொக்கியைப் பார்த்தோம். சும்மா மண்ணைத் தட்டிவிட வைத்த அந்த விளிம்பு, கொக்கி திரும்பி வெளியே வரும்போது பள்ளத்தை ஒரு முறை வழித்து விடுகிறது. அதனால்தான் தோள் முழுசாக உட்காருகிறது. அதனால்தான் பின் தப்பிக்கிறது. ஒன்று இல்லாமல் மற்றது இல்லை. 3(எஃப்)-க்கு இதைவிட நேரான பதில் கிடையாது. சட்டத்தின் 59-ஆம் பிரிவு, முதலில் தாக்கல் செய்த ஸ்பெசிஃபிகேஷனில் இல்லாத எதையும் பிற்பாடு கிளெய்மில் நுழைக்க விடாது. நல்ல வேளை, அந்த ஒற்றை வாக்கியமும் படத்தின் எண்ணும் இருந்தன.

ஆனாலும் என் கவலை போகவில்லை. இந்தியாவில் பட்டறைக் கண்டுபிடிப்பு என்றாலே 1978 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு ஒன்று வந்து நிற்கும்: பிஸ்வநாத் பிரசாத் ராதேஷ்யாம் எதிர் ஹிந்துஸ்தான் மெட்டல் இண்டஸ்ட்ரீஸ். பாத்திரத்தைக் கடைசல் பிடிக்கும்போது அசையாமல் பிடித்துக்கொள்ளும் ஓர் ஏற்பாட்டுக்கு வாங்கிய காப்புரிமை அது. வெறும் பட்டறை மேம்பாடு, கண்டுபிடிப்பு இல்லை என்று நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. இன்றைக்கும் பரிசோதகர்களும் எதிர்த்தரப்பு வக்கீல்களும் மேற்கோள் காட்டும் தீர்ப்பு. சட்டப்படி சரியான தீர்ப்பு என்றே நினைக்கிறேன். தேர்ந்த பிட்டர் ஒருவர் தினசரி செய்கிற சரிக்கட்டலுக்கெல்லாம் 20 வருஷம் ஏகபோகம் கொடுத்தால் பக்கத்து ஷெட்காரர் எப்படிப் பிழைப்பார்? 1959-இல் நீதிபதி என். ராஜகோபால ஐயங்கார் கொடுத்த அறிக்கையின் மேல்தான் நம் 1970 சட்டமே எழுந்தது. காப்புரிமை நாட்டுக்கு என்ன தருகிறது என்று அவர் கேட்ட கேள்வியின் நிழல் இன்றும் ஒவ்வொரு எஃப்.இ.ஆரிலும் விழுகிறது.

என் மனத்தாங்கல் வேறு. ஜெர்மனியில் 1891 முதல் சின்னக் கண்டுபிடிப்புகளுக்கென்று தனிப் பதிவு உண்டு. காலம் குறைவு, செலவு குறைவு, சீக்கிரம் கிடைக்கும். சீனாவில் அது லட்சக்கணக்கில் ஓடுகிறது. இங்கே 2011-இல் மத்திய அரசு ஒரு விவாதக் குறிப்பு வெளியிட்டதோடு சரி. அழகுக்கு ஒரு சட்டம், பெரிய அறிவுக்கு ஒரு சட்டம், நடுவில் இருப்பதற்கு ஒன்றும் இல்லை. பீன்யாவும் அம்பத்தூரும் கோயம்புத்தூரும் முக்கால்வாசி அந்த நடுவில்தான் இருக்கின்றன. சீனாவைப் போலக் குப்பையும் சேர்ந்து குவியும் என்பார்கள். குவியட்டும், பத்து வருஷத்தில் காலாவதியாகிற குப்பைதானே.

பதிலோடு சேர்த்து அனுப்பச் சோதனை ஒன்று செய்தோம். ஒரு கொக்கியில் விளிம்பை அரைத்து எடுத்துவிட்டு, இன்னொன்றை அப்படியே விட்டு, இரண்டையும் பட்டறைக்குப் பின்னால் இருந்த செம்மண் சேற்றில் தோய்த்து வெயிலில் காயவைத்து, மறுபடி தோய்த்து, மறுபடி காயவைத்தோம். பிறகு பீன்யாவிலேயே ஒரு லேப்பில் இழுவை மெஷினில் ஏற்றினோம். விளிம்பில்லாத கொக்கியில் தோள் உட்காரவில்லை, பின் வளைந்தது. விளிம்புள்ளதில் முதலில் வளைந்தது கொக்கியைப் பிடித்திருந்த ஃபிக்ஸ்சர். அதற்கான காசையும் லேப்காரர் பில்லில் சேர்த்துவிட்டார்.

விசாரணை வீடியோவில் நடந்தது. முன்பெல்லாம் இதற்காக விடிகாலை ரயில் பிடித்து சென்னை போக வேண்டும். அந்தப் பயணமும் கிண்டி ஸ்டேஷன் பக்கத்து டிபனும் போய்விட்டதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். முடிவு சொல்ல வேண்டிய அதிகாரியான கன்ட்ரோலர் எல்லாவற்றையும் படித்துவிட்டு வந்திருந்தார் என்பது முதல் கேள்வியிலேயே தெரிந்தது. ஹைட்ராலிக் சிலிண்டரின் தண்டில் தூசியை வழிக்க வைப்பர் சீல் இருக்கிறதே, சேறு வரும் இடத்தில் வழிக்கும் விளிம்பு வைப்பது யாருக்கும் தோன்றுவதுதானே?

நான் ஆயத்தம் செய்திருந்த பதிலைச் சொன்னேன்: அது தனி ரப்பர், தூசி உள்ளே வராமல் தடுப்பது, இது கொக்கியோடு சேர்ந்து அடிபட்ட இரும்பு, ஏற்கெனவே உள்ளே வந்ததை வெளியேற்றுவது. கன்ட்ரோலர் தலையசைத்தாரே தவிர ஒப்புக்கொண்ட மாதிரி தெரியவில்லை. அண்ணன் இரண்டு கொக்கிகளையும் காமிராவுக்கு முன் தூக்கிக் காட்டி, தமிழிலேயே ஆரம்பித்துவிட்டார்.

“சார், வழிக்கிறது பெருசில்லைங்க. எப்ப வழிக்குதுங்கறதுதான். தோளு உக்காருறதுக்கு முன்னால விளிம்பு பள்ளத்தைத் தாண்டிருக்கணும். பின்னால வழிச்சா சேத்தை உள்ள வெச்சு இறுக்கிரும். அதுக்குத்தான் அந்தச் சாய்வு. மூணு டை வெட்டிப் பாத்தேனுங்க.”

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் பேச்சில்லை. பிறகு கன்ட்ரோலர், இந்த வரிசை கிளெய்மில் எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்டார். எழுத்துபூர்வ சமர்ப்பிப்புக்கு 15 நாள் உண்டு. அதற்குள் அந்த வரிசையை முதல் கிளெய்முக்குள் சேர்த்து, சாய்வையும் சேர்த்து, மடங்கும் எந்தக் கொக்கியும் எங்களுடையது என்று ஆரம்பித்ததை இந்த விளிம்பும் இந்த ஒழுங்கும் உள்ள கொக்கி மட்டும் என்று குறுக்கி அனுப்பினேன். காப்புரிமை கிடைத்தது. சான்றிதழ் பி.டி.எஃப். ஆக வந்தது; பட்டறையில் ஆயுத பூஜைப் படத்துக்குக் கீழே லேமினேட் ஆகித் தொங்குகிறது.

பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். ஒருநாள் ஜே.சி. ரோடு ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலிருந்து இரண்டு கொக்கிகளை வாங்கிக்கொண்டு வந்தார். அவருடையதேபோல் மடங்கியது, நகர்ந்தது, பூட்டியது. விளிம்பு மட்டும் இல்லை. கேஸ் போடலாமா என்றார். விளிம்பு இல்லாததால் அது நம் கிளெய்முக்குள் வராது என்றேன். கூடவே, இரட்டை ஸ்பார்க் பிளக் விஷயத்தில் பஜாஜும் நம் பக்கத்து ஹோசூர் டி.வி.எஸ்ஸும் 2007-இல் ஆரம்பித்து, இடைக்காலத் தடைக்கு மட்டுமே 2009-இல் உச்ச நீதிமன்றம் வரை போன கதையையும் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்தார்.

“இது அறுபது ரூபா கம்மிக்கு விக்குதுங்க. விளிம்பில்லைன்னா டை ஆயுசும் கூடும், அதனாலதான்.” கையில் இருந்ததைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஏனுங் தம்பி, ஜெர்மன்காரன் இதுக்கு இந்தியாவுல பேட்டன்ட் வாங்கியிருக்கானா?”

“இல்லைங்ணா. ஜப்பான்காரரும் வாங்கலை. தேடிப் பாத்துட்டேன்.”

“அப்ப விளிம்பு இல்லாததை நானும் போடலாமில்ல? மழை பெய்யாத ஊருக்கு ராஜஸ்தான் பக்கம் ஒருத்தர் கேட்டுக்கிட்டே இருக்காரு.”

தாராளமாகப் போடலாம், யாரும் கேட்க முடியாது என்றேன். அடுத்த வாரமே புது டைக்கு ஆர்டர் கொடுத்துவிட்டார்.